கள்ளுக்கடை முதல் கிராஃப்ட் பியர் கடை வரை: கிள்ளான் பள்ளத்தாக்கில் மது, உரிமம், வர்க்கம்

1. கேள்வி

கிள்ளான் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு புதுவகை மதுக்கடை பரவி வருகிறது. கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு மூன்று குளிர்ப்பெட்டிகள். அவற்றில் பெரிய ஆலைகளின் பியரோடு, சிறு ஆலைகள் வடித்த கிராஃப்ட் பியர் வகைகளும் இருக்கும். எதிர்ச்சுவரில் ஸ்காட்லாந்து, ஜப்பான், தைவான், இந்தியா எனப் பல நாட்டு விஸ்கிகள். வடித்த இடம், ஆண்டு, மதுச்செறிவு எல்லாம் போத்தலிலேயே அச்சாகியிருக்கும். கேட்டால் கடைக்காரர் விளக்கமும் சொல்வார். பிரிக்ஃபீல்ட்ஸ், பங்சார், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் பகுதிகளில் வாழும் படித்த தமிழ் நடுத்தர வர்க்கமும் இத்தகைய கடைகளுக்கு வாடிக்கையாகச் செல்கிறது.

இதே மண்ணில் தமிழருக்கும் மதுக்கடைக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கும் மேற்பட்டது. அது தோட்டத்துக் கள்ளுக்கடையில் தொடங்கி, சம்சு எனும் மலிவு மதுவை விற்ற மளிகைக்கடை வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் புதிய கடை அந்த வரலாற்றிலிருந்து விலகியதா, அதன் தொடர்ச்சியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மதுக்கடை எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதைக் குடிப்பவரின் குணத்தைவிட உரிமம், வரி, போத்தலின் அளவு ஆகியவையே பெரிதும் தீர்மானிக்கின்றன என்றும், அந்த விதிகளின் சுமை வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

2. நிலவும் பார்வைகள்

மலேசியத் தமிழரின் குடிப்பழக்கம் குறித்து மூன்று பார்வைகள் நிலவுகின்றன.

முதலாவது சீர்திருத்தப் பார்வை. குடி தமிழ்த் தொழிலாளியின் குடும்பத்தைச் சீரழித்தது, ஆகவே கடையை மூட வேண்டும் என்பது இதன் சாரம். சுயமரியாதை இயக்கத்தாரும் காந்தியவாதிகளும் சமய அமைப்புகளும் வெவ்வேறு காரணங்களுக்காக இதில் ஒன்றுபட்டனர். இரண்டாவது, காலனிய நிர்வாகமும் தோட்ட முதலாளிகளும் முன்வைத்த பார்வை. தொழிலாளி எப்படியும் குடிப்பான். கள்ளுக்கடையை மூடினால் கள்ளச் சாராயத்தைத் தேடிப் போவான். கண்காணிப்பில் விற்கும் கள்ளே தீங்கு குறைந்தது என்று அவர்கள் வாதிட்டனர். மூன்றாவது, இன்றைய நுகர்வோர் பார்வை. வயது வந்த முஸ்லிம் அல்லாத குடிமகன் எதைக் குடிக்கிறார் என்பது அவரது சொந்த விருப்பம். நல்ல கடை நல்ல ரசனையை வளர்க்கும் என்பது இதன் நம்பிக்கை.

மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆயினும் கடையை நடத்துபவர் யார், லாபம் யாருக்குப் போகிறது, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விகளை மூன்றுமே போதிய அளவு கேட்கவில்லை. கள்ளுக்கடையிலிருந்து இந்தக் கேள்விகளைத் தொடங்கலாம்.

3. தோட்டத்துக் கள்ளுக்கடை

தென்னங்கள் இறக்கிய உடனேயே புளிக்கத் தொடங்கிவிடும். காற்றிலுள்ள ஈஸ்ட் சில மணி நேரத்துக்குள் அதன் சர்க்கரையை மதுவாக மாற்றிவிடும். பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை மதுச்செறிவு ஏறும். மறுநாள் அது காடியாகத் திரிந்துவிடும். தொலைதூரத்துக்கு அனுப்பவோ நாள்கணக்கில் சேமித்து வைக்கவோ முடியாத பானம் இது. ஆகவே கள்ளுக்கடை குடிப்பவர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அமைய வேண்டியிருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடக்கும் தொலைவில் கள்ளுக்கடை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய காரணம் பொருளாதாரம் சார்ந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை அரசு உரிமத்தோடு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் நடந்தது. பால்மரம் வெட்டியவனுக்குக் கூலி கொடுத்த கையே அவனுக்குக் கள்ளும் விற்றது. கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவாகும் என்று சொல்லப்பட்டது. அப்படியே செலவானாலும், பள்ளிக்கும் கோயிலுக்கும் வேண்டிய பணத்தைத் தொழிலாளி குடித்துத்தான் ஈட்ட வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். வேறு கடைக்குப் போக வழியில்லை, வேறு பானமும் இல்லை, விலையைத் தீர்மானிப்பவரும் தரத்தைச் சரிபார்ப்பவரும் ஒருவரே. நுகர்வோர் என்ற சொல்லை அந்தத் தொழிலாளிக்குப் பொருத்தவே முடியாது.

இதை அறிவுஜீவிகளுக்கு முன்பே உணர்ந்தவர்கள் தொழிலாளர்கள். 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் மலாயா இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் முக்கியத் திருப்பம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கொடுமை செய்யும் கிராணிகளை (தோட்ட எழுத்தர்களை) நீக்குதல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் அத்துமீறுவோரைத் தடுத்தல், தோட்டத்துக்குள் உறவினர் தடையின்றி வந்துபோக அனுமதி, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டியதில்லை என்ற உரிமை ஆகியவை கோரிக்கைகளாக வைக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கையும் இருந்தது.

இந்த இடம் கவனத்துக்குரியது. கள்ளுக்கடை எதிர்ப்பு அங்கே தனியொரு ஒழுக்கப் போதனையாக ஒலிக்கவில்லை. கூலிக்கும் மானத்துக்கும் நடந்த போராட்டத்தின் ஓர் உறுப்பாகவே அது எழுந்தது. ஆங்கில அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, படையை வரவழைத்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஏறத்தாழ நான்காண்டுகளுக்கு முன், 1937 அக்டோபரில், தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்திருந்தது. சேலத்தில் அரசே மேலிருந்து கடையை மூடியது. கிள்ளானில் கீழிருந்து அதையே கேட்டவர்களுக்கு அடக்குமுறையே பதிலாகக் கிடைத்தது. போருக்குப் பின், 1946, 1947 ஆண்டுகளில், கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடை மறியலைக் கையிலெடுத்தபோதும் காவல்துறையோடு மோதல் மூண்டது. மது விற்கும் உரிமையை அரசும் முதலாளியும் எவ்வளவு இறுகப் பற்றியிருந்தனர் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

4. தோட்டம் கலைந்த பின்: சம்சு

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் மாறியது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒருசேர இழந்த குடும்பங்கள் கிள்ளான், காப்பார், பூச்சோங் போன்ற இடங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவு அடுக்குமாடி வீடுகளுக்கும் நகர்ந்தன. தோட்டத்தோடு கள்ளுக்கடையும் மறைந்தது. அந்த வெற்றிடத்தைச் சம்சு நிரப்பியது.

மலேசியத் தமிழர் வாழ்வில் சம்சு என்பது தொழிற்சாலையில் தயாராகும் மலிவான கலப்பு மது. நடுநிலை ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் சேர்த்து, பிராந்தி விஸ்கி என்ற பெயர்களில் அடைக்கப்படும். கள்ளைவிடப் பல மடங்கு செறிவு உள்ளது. சட்டைப்பையில் அடங்கும் சின்னப் போத்தல்களில், மளிகைக்கடைக் கல்லாவிலேயே, சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. அன்றாடக் கூலிக்காரர் அன்றாடம் வாங்கும்படி அந்த அளவும் விலையும் அமைந்திருந்தன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தது. அதன் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் சம்சுவை இந்திய ஏழைகளின் பெருந்துயராகவே எடுத்துக்காட்டி வந்தார்.

அரசு செயல்பட்டது மிகத் தாமதமாகத்தான். உணவு விதிமுறைகளில் செய்த திருத்தங்கள் 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மது வாங்கும் வயது 18 இலிருந்து 21 ஆனது. மதுபானச் சிமிழிலும் போத்தலிலும் உடல்நல எச்சரிக்கை கட்டாயமானது. கலப்பு மதுவைக் குறைந்தது 700 மில்லிலிட்டர் கண்ணாடிப் போத்தலில்தான் விற்கவேண்டும் என்ற விதியும் வந்தது. இந்த மூன்றாவது விதி அதிகம் பேசப்படவில்லை. ஆனால் ஏழையின் குடியை நேரடியாகத் தொட்டது அதுதான். கையிலிருக்கும் சில ரிங்கிட்டுக்கு வாங்கக்கூடிய அளவு சந்தையிலிருந்து நீங்கினால், தினசரிப் பழக்கத்துக்குத் தடை விழும். ஒழுக்கப் போதனை பல பத்தாண்டுகளாகச் செய்யமுடியாத வேலையைப் போத்தலின் அளவு செய்யக்கூடும் என்பதை இந்த விதி உணர்த்துகிறது.

5. 2018: கல்லாவில் வாங்கிய நஞ்சு

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் மலேசியர்களும் பலியானவர்களில் அடங்குவர். உடலுக்குள் சென்ற மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். பார்வை நரம்பைத் தாக்கி, இரத்தத்தை அமிலமாக்கி உயிரைப் பறிக்கும். நிறத்திலும் மணத்திலும் குடிமதுவிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. உண்மையான விஸ்கி, பியர் பெயர்களையே தாங்கிய போலிச் சரக்கை மலிவு விலையில் வாங்கியவர்களே பெரும்பாலும் சிக்கினர்.

இந்தத் துயரத்திலிருந்து இரு முரணான பாடங்கள் எடுக்கப்பட்டன. ஒரு தரப்பு, மது விற்கும் கடைகளைக் குறைக்கவேண்டும் என்றது. இன்னொரு தரப்பு, வரி ஏறியதாலேயே மக்கள் கள்ளச்சரக்கைத் தேடுகின்றனர் என்றது. இரண்டுமே முழுமையான விடையல்ல. வாங்கிய சரக்கு யார் கைமாறி வந்தது என்று திரும்பிச் சென்று கண்டறிய வழி இருந்ததா என்பதே அங்கே தீர்மானகரமான கேள்வி. உரிமம் பெற்று, இறக்குமதியாளரிடம் ரசீதோடு கொள்முதல் செய்து, வரி முத்திரையுள்ள போத்தலை விற்கும் கடையில் அந்தச் சங்கிலி தெரியும். மறைவாக விற்கும் ஒட்டுக்கடையில் அது அறுந்துபோகிறது.

6. உரிமமும் வரியும்

மலேசியாவில் மது விற்பனையை 1976ஆம் ஆண்டின் கலால் சட்டம் ஆள்கிறது. உரிமம் வழங்கும் வாரியங்கள் அதன் கீழ் இயங்குகின்றன. ஊராட்சி மன்றங்கள் தம் வணிக உரிம விதிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. இதனால் ஒரே பள்ளத்தாக்குக்குள் விதிகள் மாறுகின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழும், 2024இல் அரச மாநகரமான கிள்ளான் சிலாங்கூர் மாநிலத்தின் கீழும் வருகின்றன.

2020 நவம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் புதிய வழிகாட்டியை அறிவித்தது. மளிகைக்கடைகளும் 24 மணி நேரக் கடைகளும் சீன மருந்துக் கடைகளும் கடுமது விற்கக்கூடாது; பியரைக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரையே விற்கலாம்; பள்ளி, வழிபாட்டுத் தலம், மருத்துவமனை முதலியவற்றுக்கு அருகில் மது விற்பனை கூடாது. மறுஆண்டு இறுதியில் தடை நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாரின் உரிமையில் தலையிடுவதாக எதிர்ப்பு எழுந்தது. மூலிகையும் மதுவும் கலந்த மருந்துகளை விற்று வந்த சீன மருந்துக் கடைக்காரர்களின் குறைக்குச் சில விலக்குகள் தரப்பட்டன.

இந்த விதியின் விளைவு இரட்டை. மளிகைக்கடைக் கல்லாவிலிருந்து சம்சு விலகியது ஏழைக் குடும்பங்களுக்கு நன்மை. அதே வேளையில், கடுமது விற்பனை பெரிதும் தனி உரிமம் பெற்ற மதுக்கடைகளை நோக்கித் திரும்பியது. அகன்ற தெரிவு கொண்ட அக்கம்பக்கக் கடையின் வளர்ச்சிக்கு மாறிய ரசனையோடு இந்தச் சட்டமும் துணைபோயிற்று எனலாம்.

வரியின் கதை இன்னும் நுட்பமானது. 2016 மார்ச் 1 முதல் கலால் வரி மதுச்செறிவின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. அப்போது பியரிலுள்ள தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 ரிங்கிட்டும், விஸ்கி பிராந்தி வகைகளுக்கு 150 ரிங்கிட்டும் விதிக்கப்பட்டன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 விழுக்காடு செறிவுள்ள 320 மில்லிலிட்டர் பியர்ச் சிமிழில் 16 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் உண்டு. அதற்குக் கலால் 2 ரிங்கிட் 80 காசு. அதே 16 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் விஸ்கியில் இருந்தால் 2 ரிங்கிட் 40 காசு. அராக், சம்சு வகைகளுக்கோ விகிதம் இன்னும் குறைவு. அதாவது, ஒரே அளவு போதைக்கு மென்மதுவுக்கே கூடுதல் வரி. குறைந்த பணத்தில் அதிகப் போதை தேடுபவரை இந்த ஏற்பாடு கடுமதுப் பக்கமே தள்ளுகிறது. 2025 நவம்பர் 1 முதல் மது மீதான கலால் மேலும் 10 விழுக்காடு உயர்ந்தது. விகிதங்களுக்கிடையிலான இந்தச் சாய்வை அந்த உயர்வு சரிசெய்யவில்லை. உடல்நலத்தை முன்னிறுத்திச் சொல்லப்படும் வரி, உடல்நலக் கணக்குக்கு எதிராகவே அமைந்திருப்பது பெரும் குறை.

7. புதிய கடை

கிராஃப்ட் பியர் கோலாலம்பூருக்குப் புதிது. ஷா ஆலாமில் 1972 முதல் வடிக்கும் கார்ல்ஸ்பெர்க், சுங்கை வேயில் வடிக்கும், இன்று ஹைனகன் மலேசியா எனப்படும் நிறுவனம் ஆகிய இரண்டுமே சந்தையை நெடுங்காலம் பங்கிட்டுக்கொண்டன. 2010களில் சில மதுக்கூடங்களும் இறக்குமதியாளர்களும் வேறு வகைகளைக் கொண்டுவந்தனர். 2017 அக்டோபரில் பப்ளிக்கா வணிக வளாகத்தில் நடக்கவிருந்த கிராஃப்ட் பியர் விழாவுக்கு, இஸ்லாமியக் கட்சியான பாஸின் எதிர்ப்பை அடுத்து, மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. பொதுவெளியில் கொண்டாட இடமில்லாத ஒரு ரசனைக்கு, அக்கம்பக்கக் கடை ஒதுக்குப்புறமான புகலிடமாயிற்று.

இக்கடையின் நன்மைகள் மூன்று. சரக்கின் தோற்றம் தெளிவாகத் தெரிகிறது. கடைக்காரர் வாடிக்கையாளரை அறிவார். வயதைக் கேட்பதும், அளவு மீறுபவரைத் திருப்பி அனுப்புவதும் அவரால் இயலும். மெதுவாக, குறைவாக, சுவையறிந்து குடிக்கும் பழக்கத்துக்குக் கடை இடமளிக்கிறது. தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் இருக்கிறது. விற்பவர் அரசு, வரி வாங்குபவர் அரசு, ஒழுங்குபடுத்துபவரும் அரசு. குடிப்பவருக்குத் தெரிவும் இல்லை, முறையிட இடமும் இல்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையின் அமைப்புக்கு டாஸ்மாக்கே நெருங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் கடை அதிலிருந்து உண்மையிலேயே விலகி நிற்கிறது.

ஆனால் இந்த நன்மைகள் யாருக்கு? ஒரு போத்தல் கிராஃப்ட் பியரின் விலையில் சாதாரண லாகர் இரண்டு மூன்று சிமிழ் வாங்கிவிடலாம். காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அக்கடையின் கதவு திறந்தே இருந்தாலும், உள்ளே அவர்கள் வாங்கக்கூடியது மிகக் குறைவு. நடுத்தர வர்க்கத்துக்குத் தெரிவும் தரமும் கிடைக்க, ஏழைக்கு மலிவுச் சரக்கும் ஆபத்தும் மிஞ்சுகின்றன. கடை மாறியது, வர்க்கக் கோடு மாறவில்லை.

கள்ளின் நிலையும் இதையே காட்டுகிறது. சரவாக்கின் துவாக் இன்று போத்தலில் அடைக்கப்பட்டு இபான் பண்பாட்டின் பெருமையாக விற்பனையாகிறது. இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் உலகச் சந்தையில் உயர்ரக மதுவாக மதிக்கப்படுகிறது. மலேசியத் தமிழரின் கள்ளுக்கு மட்டும் அந்த மதிப்பு வரவில்லை. முதலாளியின் கடையில் விற்றதாலும், அடிமைக் கூலியின் நினைவோடு பிணைந்ததாலும், அது நம் நாவில் இழிவின் அடையாளமாகவே தங்கிவிட்டது. குற்றம் பானத்துடையதா, அதை விற்ற ஏற்பாட்டினுடையதா என்று நாம் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

8. மறுப்புகள்

இக்கட்டுரையின் வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: எந்த வகை மதுக்கடையும் குடியைப் பெருக்கும், ரசனை என்ற பெயரில் குடி கௌரவம் பெறுகிறது. இது புறந்தள்ளத்தக்கதன்று. தேசிய உடல்நல ஆய்வு 2019இல் வயது வந்தோரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் மது அருந்துவதாகக் கண்டது. குடிக்காதோரே பெரும்பான்மை, ஆனால் குடிப்போரில் கணிசமானோர் ஒரே அமர்வில் அளவு மீறிக் குடிப்பவர்கள். விலையுயர்ந்த விஸ்கியும் கல்லீரலுக்கு விஸ்கிதான். 2020 அக்டோபரில் வாகனமோட்டிகளுக்கான இரத்த ஆல்கஹால் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது போன்ற கண்டிப்பு எல்லா வர்க்கத்துக்கும் தேவை.

இரண்டாவது: பல்லின நாட்டில் குடியிருப்புக்குள் மதுக்கடை அண்டை முஸ்லிம்களின் உணர்வைப் புண்படுத்தும். இதற்கு விடை இடத் தெரிவிலும் நேர வரம்பிலும் இருக்கிறது. தெளிவான, எல்லாருக்கும் ஒரேபோல் பொருந்தும் விதி இருந்தால் அண்டை வீட்டாரும் கடைக்காரரும் நிம்மதியாக இருக்கலாம். அரசியல் அலைக்கேற்ப அனுமதியை வழங்குவதும் மறுப்பதும் இருவருக்குமே அநீதி.

9. முடிவு

அகன்ற தெரிவு கொண்ட அக்கம்பக்க மதுக்கடை, நிர்வாக அமைப்பில் கள்ளுக்கடையிலிருந்தும் சம்சு விற்ற கல்லாவிலிருந்தும் விலகியது. பயன் சேரும் விதத்தில் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. அதன் நற்கூறுகளான வெளிப்படையான கொள்முதல், வயது சோதனை, அறிந்து விற்கும் கடைக்காரர் ஆகியவை மலிவு மது விற்கும் ஒவ்வொரு கடைக்கும் சட்டக் கட்டாயமாக வேண்டும். தூய ஆல்கஹாலுக்கு ஒரே விகிதத்தில், அல்லது கடுமதுவுக்கே கூடுதலாக, கலால் விதிக்கப்பட வேண்டும். அந்த வருவாயில் ஒரு பங்கு குடிநோய் சிகிச்சைக்கும், தமிழ் மொழியில் ஆலோசனை தரும் மையங்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

1941இல் கிள்ளான் தொழிலாளர் கள்ளுக்கடையை மூடச் சொன்னபோது கூலியையும் கல்வியையும் மானத்தையும் அதே மூச்சில் கேட்டனர். மதுவைப் பற்றி இன்று பேசும் நம் சமூக அமைப்புகளும் அரசியல்வாதிகளும் அந்தக் கோரிக்கைப் பட்டியலை முழுமையாக எடுத்துப் பேச வேண்டும். ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்துப் போதனை செய்வது, அந்தப் போராட்டத்தில் உயிர்நீத்தவர்களுக்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது.